உங்களுக்குத் தெரியுமா? பிள்ளைகளின் பி.எம்.ஐ.

இங்கே முதலிடம் வேண்டாம்

ஜே.இ.இ. எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டில் ‘பெர்சென்டைல்’ என்றால் என்னவென்று பாட்டிக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. 98 வந்தால் தெருவுக்கே லட்டு. அந்தப் பழக்கத்தில், குழந்தைகள் நல மருத்துவரின் சீட்டில் ‘பி.எம்.ஐ. 98-வது பெர்சென்டைல்’ என்று பார்த்ததும் முகம் மலரும் பெற்றோர் உண்டு. ஒரே வயதில், ஒரே பாலினத்தில் நூறு பிள்ளைகளை, உயரத்துக்கேற்ற எடை குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை நிற்கவைத்தால், உங்கள் பிள்ளையைவிடக் குறைவாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். 30 என்றாலும் சரி, 60 என்றாலும் சரி, இரண்டுமே நல்ல இடம். 30-ஐ 60 ஆக்கப் பாடுபட வேண்டியதில்லை. கடைசியில் போய் நிற்பதுதான், எந்தக் கடைசியானாலும், கவனிக்க வேண்டியது.

ஒரே 19, மூன்று பையன்கள்

பி.எம்.ஐ. கணக்கு எளிதுதான். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்கி, வந்த விடையால் கிலோ எடையை வகுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வேலை அத்தோடு முடிந்தது. பிள்ளைகளுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பி.எம்.ஐ. 19 என்று வந்திருக்கிறது, வைத்துக்கொள்வோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வரைபடத்தில், 16 வயதுப் பையனுக்கு அது நடுக்கோட்டுக்குக் கீழே விழும். சற்று ஒல்லி, அவ்வளவே. 10 வயதுப் பையனுக்கு அதே 19 என்றால் 85-வது கோட்டை நெருங்குகிறான். 6 வயதுப் பையனுக்கு என்றால் 95-வது கோட்டையே தாண்டிவிட்டான். அந்த வரைபடத்தில் 5-க்குக் கீழே எடைக் குறைவு, 85 முதல் 95-க்குள் அதிக எடை, 95-ம் அதற்கு மேலும் உடல் பருமன். இணையத்தில் பெரியவர்களுக்கான கணக்கியில் பிள்ளையின் எடையைத் தட்டிப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களும் பயந்தவர்களும் இன்னொரு முறை, பிறந்த தேதி கேட்கும் கணக்கியில் தட்டிப் பார்க்கலாம்.

வானியலாளர் போட்ட கணக்கு

இந்தச் சூத்திரத்தைத் தந்தவர் மருத்துவர் அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே, வானியலும் கணிதமும் படித்தவர். 1830-களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியபோது, வளர்ந்த மனிதர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கவனித்தார். பருமனை அளப்பது அவர் நோக்கமே இல்லை. ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்ற பெயர் 1972-இல்தான் வந்தது. வைத்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ்.

‘இளைச்சுட்டானே’ என்பது நல்ல சேதி

கைக்குழந்தைக்குத் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. மூன்று வயதில் அது காணாமல் போகிறது, நான்கில் விலா எலும்பு தெரிகிறது. ‘கண்ணு பட்டுடுச்சு, சாப்பாடே இறங்கல’ என்று சத்துமாவும் டானிக்குமாக வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. வரைபடத்தைப் பார்த்தால் இது அப்படியே கோடாக வரைந்திருக்கும். பி.எம்.ஐ. முதல் வயதுக்குள் ஏறி உச்சம் தொட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்குகிறது. ஐந்து, ஆறு வயதை ஒட்டி அடித்தட்டு. அங்கிருந்து திரும்பவும் ஏற ஆரம்பித்து, வாலிபம் வரை ஏற்றம்தான்.

இந்தத் திருப்பம் எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்சில் ரோலான் கஷேராவும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, சீக்கிரமே திரும்பிய பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. பிறகு பல நாடுகளிலும் இதையே கண்டார்கள். ஐந்து வயதுக்குப் பிறகு மெதுவாகத் திரும்பினால் நல்லது. மூன்று வயதிலேயே ஏறத் தொடங்கினால் மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். ஆக, மூன்று வயதுப் பிள்ளை இளைப்பதைக் கண்டு பதறி, ஊட்டி ஊட்டி ஏற்றிவிடும் வீடுகள் அந்தத் திருப்பத்தை முன்னால் இழுக்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நெய்ச்சோறு என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வயதுக்குள்

சி.டி.சி.யின் பி.எம்.ஐ. வரைபடம் 2 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன், படுக்கவைத்து நீளம் அளந்து, நீளத்துக்கேற்ற எடையைப் பார்ப்பார்கள். நம் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பது வேறு கணக்கு. அங்கே முக்கியமாகப் பார்ப்பது வயதுக்கேற்ற எடை.

கடைசி ஐந்து இடத்தில் இருபது பேர்

நூறு பேரில் 95-வது பெர்சென்டைலுக்கு மேல் ஐந்து பேர்தானே இருக்க முடியும்? அமெரிக்காவில் 2017 முதல் 2020 மார்ச் வரை எடுத்த கணக்கில், 2 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 19.7 விழுக்காட்டினர் அந்த ஐந்து பேருக்கான இடத்தில் இருந்தார்கள்.

கணக்குப் பிழை இல்லை. நம் பிள்ளையோடு வரிசையில் நிற்பவர்கள் இன்றைய பிள்ளைகளே அல்ல. 2000-இல் வெளியான அந்த வரைபடம் 1963 முதல் 1994 வரை அளந்த அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து வரைந்தது. அதிலும் ஒரு சாமர்த்தியம். 1988–94 கணக்கெடுப்புக்குள் எடை ஏற ஆரம்பித்துவிட்டதால், 6 வயதுக்கு மேற்பட்டவர்களின் அந்த எடை விவரங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சேர்த்திருந்தால் கோடு மேலே போயிருக்கும், பருமனான பிள்ளையும் ‘சராசரி’க்குள் வந்திருப்பான். வரிசையை அந்தக் காலத்தில் உறையவைத்ததால்தான் இன்றைய ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

டெல்லிப் பிள்ளைகளும் உலக வரைபடத்தில் உண்டு

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 5 வயது வரைக்குமான அளவுகோலுக்கு ஆறு இடங்களில் பிள்ளைகளை அளந்தார்கள்: பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஓஸ்லோ, ஓமனின் மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ், நம் தெற்கு டெல்லி. மொத்தம் சுமார் 8,500 பேர். தாய்ப்பால், புகை பிடிக்காத தாய், நல்ல வசதி ஆகியவை நிபந்தனை. அதற்கு முன் உலகமே பயன்படுத்திய பழைய வரைபடத்தின் கைக்குழந்தைப் பகுதி, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த ஓஹையோ மாநிலக் குழந்தைகளுடையது. அதை வைத்துக்கொண்டு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில மாதங்களில் ‘பின்தங்குகிறது’ என்று எத்தனை தாய்மார்களைக் கவலைப்பட வைத்திருப்பார்கள்!

ஆறு நாட்டுப் பிள்ளைகளும், நல்ல சூழல் கிடைத்தால், ஏறத்தாழ ஒரே மாதிரி உயரமாக வளர்ந்தார்கள் என்பது அந்த ஆய்வின் பெரிய முடிவு.

இரண்டு மருத்துவர்கள், ஒரே எண்

அப்படியானால் இந்தியாவுக்குத் தனி வரைபடம் எதற்கு? 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தைச் சொன்னால் புரியும். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல். தராசுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான்.

யாஜ்னிக் குழுவினர் இதைப் பிறந்த குழந்தைகளிடமே பார்த்தார்கள். புனேயை ஒட்டிய கிராமக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. எடையில் இவ்வளவு தூரம் பின்னால் நின்ற நம் குழந்தை, முதுகுத் தோலின் அடியில் உள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. குறைந்தது தசையும் உறுப்புகளும்தான். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இந்தக் காரணத்தால் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கமான ஐ.ஏ.பி., 5 முதல் 18 வயது வரைக்கும் 2015-இல் வெளியிட்ட வரைபடத்தில் கோட்டைக் கீழே இறக்கிவிட்டது. வளர்ந்தபின் பி.எம்.ஐ. 23-இல் போய்ச் சேரும் கோடுதான் அதிக எடைக்கு எல்லை. 27-இல் சேரும் கோடு பருமனுக்கு. உலக அளவில் வழக்கமான 25, 30 இங்கே கிடையாது. அந்த 23-இன் கோடு, பையன்களுக்கு அதே வரைபடத்தின் 71-வது பெர்சென்டைலிலும் பெண் பிள்ளைகளுக்கு 75-வதிலும் ஓடுகிறது. வெளிநாட்டுக் கைப்பேசிச் செயலியில் ‘ஆரோக்கியமான எடை’ என்று பச்சை நிறம் காட்டிய பிள்ளைக்கு நம் ஊர் மருத்துவர் ஆரஞ்சுக் கோட்டைக் காட்டினால் அவர் மிகையாகப் பயமுறுத்தவில்லை. ‘எந்த வரைபடம் டாக்டர்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வரைபடத்தின் பெயரை விட்டுவிட்டால் பாதிச் சீட்டுதான் கையில் இருக்கிறது.

மூன்று சென்டிமீட்டர் கூன்

7 வயதுப் பையன், 24 கிலோ, நிமிர்ந்து நின்றால் 120 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. 16.7. பள்ளியில் அவசர அவசரமாக, சுவரில் ஒட்டிய தாளுக்கு முன்னால், முழங்காலை மடக்கி நின்றதால் 117 என்று எழுதிவிட்டார்கள். இப்போது 17.5. சி.டி.சி. வரைபடத்தில் 85-வது கோட்டைத் தாண்டியாயிற்று. பையன் ஒரு இட்லிகூட அதிகம் சாப்பிடவில்லை. உயரத்தை அதாலேயே பெருக்குவதால், அதில் வரும் பிழை இரட்டிப்பாக வந்து விழும்.

ஆகவே, ஷூவைக் கழற்ற வேண்டும். உச்சிக்கொண்டை இருந்தால் அவிழ்க்க வேண்டும். இரட்டைச் சடை மடித்துக் கட்டிய இடத்தில் அளவுகோலின் பலகை வந்து உட்கார்ந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இலவசம். குதிகால், பிட்டம், முதுகு சுவரில் பட, பார்வை நேராக. காலையில் அளந்ததைவிட மாலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே காட்டும். முதுகெலும்பின் தட்டுகள் அமுங்குவதால் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆறு முடிந்து ஏழு நடக்குது

நாம் சொல்லும் வயது பெரும்பாலும் நடக்கிற வயது. வரைபடம் கேட்பது முடிந்த வயது, அதுவும் மாதத்தோடு. 6 வயது 2 மாதத்துப் பிள்ளையை ‘ஏழு’ என்று சொன்னால் பத்து மாதம் தள்ளிப் புள்ளி விழும். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றிக் கொடுத்த குடும்பங்கள் மருத்துவரிடமாவது உண்மைத் தேதியைச் சொல்லிவிடலாம்.

வயதுக்கு வந்த பெண்ணும் வராத பெண்ணும்

வரைபடத்துக்குப் பிறந்த நாள் தெரியும்; பருவம் தெரியாது. பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14-ஐ ஒட்டியும் விறுவிறுவென்று உயர்வார்கள் என்பது சராசரி. ஒரே வகுப்பில் 13 வயதுப் பெண்கள் இருவரில் ஒருத்தி பூப்பெய்தி இரண்டாண்டு ஆகியிருக்கும், இன்னொருத்திக்கு இன்னும் இருக்காது. முதலாமவளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை கூடுவது உடல் தன் வேலையைச் செய்வதுதான். இருவரையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட்டுக் குறை சொல்வது அத்தைமார்களுக்குப் பிடித்த வேலை. மருத்துவர்கள் அதைச் செய்வதில்லை.

ஒரு கிலோவும் குறைக்காமல் கீழே இறங்கலாம்

9 வயதுப் பையன், 135 சென்டிமீட்டர், 40 கிலோ. பி.எம்.ஐ. 21.9, சி.டி.சி. வரைபடத்தில் 95-க்கு மேல். ஓராண்டில் 6 சென்டிமீட்டர் வளர்கிறான், எடை மட்டும் அதே 40-இல் நிற்கிறது. இப்போது 20.1, அதுவும் 10 வயதுக்காரனாக. 85-க்கும் 95-க்கும் நடுவில் வந்துவிட்டான். பட்டினி இல்லை, டயட் இல்லை. ‘உயரம் ஆனா இழுத்துக்கும்’ என்று வீட்டில் சொல்வது இந்த அளவுக்கு உண்மை. ஆனால் எடை நின்றால்தான் இழுக்கும்; உயரத்தோடு எடையும் சேர்ந்து ஓடினால் எதுவும் இழுக்காது. மிக அதிகப் பருமன் என்றால் குறைக்கவே வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், யூடியூப் அல்ல.

குட்டையாகவும் குண்டாகவும்

சாப்பாட்டால் பருமனான பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மிஞ்சிய உயரமாகவும் இருப்பான். எடை ஏறிக்கொண்டே போய், உயரம் மட்டும் நின்றுவிட்டால் மருத்துவரின் புருவம் உயரும். தைராய்டு குறைவா, வேறு சுரப்பிக் கோளாறா என்று பார்ப்பார். பி.எம்.ஐ. தாளோடு உயரத்தின் தாளையும் சேர்த்து விரிப்பது அதற்காகத்தான்.

அழுக்கு என்று தேய்க்காதீர்கள்

பிடரியில் கறுப்பாக, வெல்வெட் மாதிரி சற்றுத் தடித்த தோல். பீர்க்கங்காய் நாரும் கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தே சிவந்துபோயிருக்கும். அது அழுக்கில்லை. அக்கந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் தோன்றும். பெர்சென்டைலைக் குறித்துவிட்டு மருத்துவர் சட்டைக் காலரை விலக்கிப் பார்ப்பது இதைத்தான். 90-வது பெர்சென்டைலில் கழுத்து தெளிவாக இருக்கும் பிள்ளையைவிட, 80-இல் கழுத்து கறுத்திருக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை முதலில் தேவைப்படலாம்.

மகனை அளந்த பிரபு

ஒரே பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்த பழைய பதிவு பிரான்சிலிருந்து கிடைக்கிறது. மோன்பெயார் பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனின் உயரத்தை 1777 வரை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறித்துவந்தார். இயற்கை அறிஞர் புஃபோன் அதைத் தன் நூலில் சேர்த்தார். பெர்சென்டைல் என்ற யோசனை ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டனுடையது. அதைப் பிள்ளைகளின் வளர்ச்சி வரைபடத்தில் ஏற்றியவர் பாஸ்டன் நகரின் ஹென்றி பௌடிச், 1891-இல்.

திருப்பிப் படித்த மூன்றெழுத்து

சிங்கப்பூர் 1992-இல் பள்ளிகளில் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி. பருமனான மாணவர்களின் விகிதம் சுமார் 14 விழுக்காட்டிலிருந்து 10-க்குக் கீழே வந்தது, எண்களில் வெற்றிதான். ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயர் டி, ஏ, எஃப். அதைப் பின்னாலிருந்து படித்தால் என்ன வருகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. விளையாட்டு இடைவேளையில் யார் தனியே ஓடுகிறார்கள் என்று பள்ளிக்கே தெரியும். 2007-இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவருக்குமான ஆரோக்கியத் திட்டமாக மாற்றினார்கள்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003-இல் சட்டம் போட்டு, பள்ளியில் அளந்த பி.எம்.ஐ.யை வீட்டுக்குக் கடிதமாக அனுப்பியது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது: கடிதம் போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் மாற்றம் இல்லை, தங்கள் எடை பற்றிய மனக்குறை சிலருக்குக் கூடியது. கடிதம் அனுப்புவது சுலபம், அதற்குப் பின் பேச ஆள் வேண்டும்.

வரிசையின் இந்தப் பக்கம்

பருமனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் நாட்டின் கணக்கு தலைகீழாகிவிடும். 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற பி.எம்.ஐ. இல்லாத மெலிந்தவர்கள். அதிக எடை 5 விழுக்காடு. இருவரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில்.

ஒல்லி எல்லாம் நோய் இல்லை. அப்பா ஒல்லி, மாமா ஒல்லி, பிள்ளையும் சிறு வயதிலிருந்தே 10-வது கோட்டின் மேலேயே நடந்து வருகிறான் என்றால் அது அவன் பாதை. 50-இல் இருந்தவன் ஒன்றரை ஆண்டில் 10-க்குச் சரிந்தால், எண் இன்னும் ‘ஆரோக்கிய’ எல்லைக்குள் இருந்தாலும் காரணம் தேட வேண்டும். பதின்வயதுப் பெண் என்றால் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாளா என்பதும் அதில் அடங்கும். ஒரு நாள் புள்ளி அதிகம் பேசாது. மூன்று நான்கு புள்ளிகளைச் சேர்த்த கோடு பேசும்.

99-க்கு மேலே

மிக அதிகப் பருமனான பிள்ளைகள் எல்லோரும் ‘99-க்கு மேல்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருந்தார்கள். சிகிச்சையில் முன்னேற்றம் வந்தாலும் வரைபடத்தில் தெரியாது. 2022-இல் சி.டி.சி. வரைபடத்தை மேலே நீட்டி, பி.எம்.ஐ. 60 வரை கொண்டுபோனது. இப்போது 95-வது கோட்டின் மதிப்பில் எத்தனை விழுக்காடு என்று சொல்கிறார்கள். 120 விழுக்காட்டைத் தொட்டால் தீவிரப் பருமன்.

தராசு வேண்டாத கணக்கு

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2022-இல் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இன்னொரு அளவைப் பரிந்துரைத்தது: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றிய கொழுப்பைப் பி.எம்.ஐ. பிரித்துக் காட்டாது, இது ஓரளவு காட்டிக்கொடுக்கும். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, இரண்டாக மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தாராளமாகச் சேர்ந்தால் போதும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் பதின்வயதுக்காரர்களை ஒரு மூச்சு விடச் சொல்லிவிட்டுச் சுற்றவும்.